டினியன் தீவின் வடக்குத் தளம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹிரோஷிமா, நாகசாகி பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் கூடவே வரும் கேள்வி, "அந்த விமானங்கள் எங்கிருந்து கிளம்பின?" என்பது. ஒரே பதில்தான்: டினியன். அதைச் சொன்னதும் அடுத்தடுத்து பத்துக் கேள்விகள் வந்துவிடும். அவற்றை இங்கே ஒன்றாக வைத்திருக்கிறேன்.

டினியன் எங்கே இருக்கிறது?

மேற்குப் பசிபிக்கில், மரியானா தீவுக்கூட்டத்தில். பிலிப்பைன்ஸுக்குக் கிழக்கே, ஜப்பானுக்குத் தெற்கே. பக்கத்துத் தீவான சைபானுக்கும் இதற்கும் நடுவில் ஐந்து கிலோமீட்டர் கடல்தான். குவாம் இன்னும் தெற்கே. தீவின் பரப்பு சுமார் 100 சதுர கிலோமீட்டர். இன்று அங்கே வசிப்பவர்கள் ஏறத்தாழ இரண்டாயிரம் பேர், பெரும்பாலும் தெற்கில் உள்ள சான் ஹோசே கிராமத்தில். நாம் பேசப்போகும் தளம் தீவின் வடகோடியில் இருக்கிறது. அமெரிக்கர்கள் அதற்கு வைத்த பெயர் 'நார்த் ஃபீல்ட்'. வடக்குத் தளம் என்றே சொல்லிக்கொள்வோம்.

விமானதளம் வருவதற்கு முன் அங்கே என்ன இருந்தது?

கரும்பு. கண்ணுக்கு எட்டியவரை கரும்பு.

மரியானா தீவுகளின் பூர்வகுடிகள் சமோரோ மக்கள். லாத்தே எனப்படும் பெரிய கல்தூண்களின் மேல் வீடு கட்டி வாழ்ந்தவர்கள். அந்தத் தூண்களில் மிகப் பெரியவை சில இந்தத் தீவில்தான் இருக்கின்றன. 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்பானியர்கள் சண்டை போட்டு அவர்களைக் கிளப்பிக் குவாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அதற்கப்புறம் தீவில் ஆள் நடமாட்டம் குறைவு, காட்டு மாடுகள்தான் அதிகம். 1899இல் ஸ்பெயின் அதை ஜெர்மனிக்கு விற்றது. 1914இல் முதல் உலகப்போர் தொடங்கியதும் ஜப்பான் வந்து எடுத்துக்கொண்டது.

ஜப்பானியர் காலத்தில் தென்கடல் வளர்ச்சிக் கம்பெனி என்ற நிறுவனம் தீவின் பெரும்பகுதியைக் கரும்புத் தோட்டமாக மாற்றியது. ஆலை, சின்ன ரயில் பாதை, கடைத்தெரு எல்லாம் வந்தன. உழைத்தவர்கள் ஒக்கினாவாவிலிருந்தும் ஜப்பானின் ஏழை மாவட்டங்களிலிருந்தும் கொரியாவிலிருந்தும் வந்த குடும்பங்கள். 1944இல் பொதுமக்கள் மட்டுமே பதினைந்தாயிரம் பேருக்கு மேல்.

அப்படியென்றால் விமானதளத்தை முதலில் கட்டியது ஜப்பானா?

ஆமாம். 1939 வாக்கில் தொடங்கி, வடகோடியில் உஷி முனை என்ற இடத்தில் ஜப்பானியக் கடற்படை ஓர் ஓடுதளம் போட்டது. ஜப்பானியச் சிறைகளிலிருந்து கைதிகளைக் கப்பலேற்றிக் கொண்டுவந்து வேலை வாங்கினார்கள். அதன் நீளம் ஒன்றரை கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. சிறிய விமானங்களுக்கு அது போதும். பின்னால் அமெரிக்கர்கள் போட்ட ஓடுதளங்கள் இதை விழுங்கிவிட்டன. ஆனால் ஜப்பானியர் கட்டிய கொங்கிரீட் கட்டடங்கள், நிர்வாக அலுவலகம், மின்நிலையம், பதுங்குகுழிகள் ஆகியவை ஓட்டை ஓட்டையாக இன்றும் நிற்கின்றன. அமெரிக்கர் கட்டிய தகரக் கொட்டகைகள்தான் தடம் தெரியாமல் போய்விட்டன.

அமெரிக்காவுக்கு இந்தத் தீவு ஏன் இவ்வளவு முக்கியம்?

பி-29 விமானம்தான் காரணம். முந்தைய குண்டுவீச்சு விமானங்களைவிட அது அதிக தூரம் போகும், அதிக எடை தூக்கும். மரியானாவிலிருந்து டோக்கியோ சுமார் 2,400 கிலோமீட்டர். போய்க் குண்டு போட்டுவிட்டு நிற்காமல் திரும்பிவர பி-29ஆல் முடியும், சற்றே இழுபறியாக. அதற்கு முன் சீனாவிலிருந்து இதே விமானங்களை ஓட்டிப் பார்த்தார்கள். ஆனால் அங்கே ஒவ்வொரு பீப்பாய் பெட்ரோலையும் இந்தியாவிலிருந்து இமயமலைக்கு மேலாகப் பறந்து கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டியிருந்தது. இங்கே கப்பலில் கொண்டுவந்து கரையில் இறக்கிவிடலாம்.

அப்புறம் டினியன் தட்டையான தீவு. சைபானில் நடுவே மலை எழும்பி நிற்கிறது. ஓடுதளம் போடுகிறவனுக்கு டினியன் ஒரு வரம்.

தீவைப் பிடித்த சண்டை எப்படி நடந்தது?

1944 ஜூலை 24. தெற்கே டினியன் நகரத்துக்கு எதிரில் கப்பல்களைக் கொண்டுவந்து நிறுத்தி, இறங்கப்போவதுபோலப் போக்குக் காட்டினார்கள். உண்மையில் இறங்கியது வடமேற்கில், யாரும் எதிர்பார்க்காத இரண்டு துண்டுக் கடற்கரைகளில். ஒன்றின் அகலம் ஐம்பது, அறுபது மீட்டர்தான். இன்னொன்று சுமார் 150 மீட்டர். ஒரு பள்ளிக்கூட மைதானத்தின் அகலம்கூட இல்லாத மணல்திட்டு வழியாக முதல் நாளிலேயே பதினைந்தாயிரம் பேர் கரையேறினார்கள். ராணுவப் பாடங்களில் இதை ஒரு சாதனையாக இன்னமும் சொல்லிக்கொடுக்கிறார்கள். நேபாம் என்ற பிசுபிசுப்பான தீக்குண்டை அமெரிக்கா பெரிய அளவில் பயன்படுத்திப் பார்த்த ஆரம்ப இடங்களில் இதுவும் ஒன்று. கரும்புக்காடு பற்றிக்கொள்ளக் கேட்கவா வேண்டும்.

ஆகஸ்ட் 1ஆம் தேதி தீவு கைக்கு வந்துவிட்டதாக அறிவித்தார்கள். ஜப்பானியக் காவல்படையில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். உயிரோடு பிடிபட்டவர்கள் சில நூறு பேர்தான்.

கட்டியது யார், எத்தனை நாளில்?

அமெரிக்கக் கடற்படையின் கட்டுமானப் பட்டாளங்கள். ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்துகள் சி, பி. அதையே சேர்த்து 'சீபீ' என்று கூப்பிடுவார்கள். கையில் துப்பாக்கியைவிடப் புல்டோசர்தான் அதிகம். பதினைந்தாயிரம் பேர்வரை இந்த ஒரு தீவில் வேலை செய்தார்கள்.

தீவே பவளப்பாறை. ஆகவே கல்லைத் தேடி எங்கும் போகவேண்டியதில்லை. வெடி வைத்துப் பெயர்த்து, நொறுக்கி, பரப்பி, தண்ணீர் தெளித்து ரோலர் ஓட்டினால் நொறுங்கிய பவளம் சுண்ணாம்புக் காரைபோல இறுகிக்கொள்ளும். அதன்மேல் தார்க்கலவை. உயரமான இடத்தை வெட்டிப் பள்ளத்தை நிரப்பியதில் புரண்ட மண்ணும் பாறையும் மலை மலையாக இருந்தன. இரவிலும் விளக்குப் போட்டு வேலை நடந்தது.

முதல் ஓடுதளம் 1944 டிசம்பரில் தயார். நான்காவது 1945 மே மாதத்தில் முடிந்தது. நான்கும் அக்கம்பக்கமாக, ஒரே திசையில், கிழக்கு மேற்காக. ஒவ்வொன்றும் 8,500 அடி, அதாவது 2.6 கிலோமீட்டர் நீளம், 200 அடி அகலம். ஏபிள், பேக்கர், சார்லி, டாக் என்று பெயர். ராணுவ வானொலியில் ஏ, பி, சி, டி எழுத்துகளை அப்போது அப்படித்தான் சொல்வார்கள். பி-29களை நிறுத்த 265 நிறுத்துமிடங்கள். தீவின் நடுப்பகுதியில் மேற்குத் தளம் என்று இன்னும் இரண்டு ஓடுதளங்கள். 1945 கோடையில் உலகத்திலேயே மிகப் பெரிய, மிகச் சுறுசுறுப்பான விமானதளம் ஒரு சின்னத் தீவின் கரும்புக்காட்டில் இருந்தது.

ஏன் நான்கு ஓடுதளங்கள்? ஒன்று போதாதா?

எரிபொருள் கணக்குத்தான். நூறு விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே தளத்தில் ஏறினால், முதலில் ஏறியவர் கடைசி ஆளுக்காக வானத்தில் வட்டமடித்தே பெட்ரோலைத் தீர்த்துவிடுவார். நான்கு தளத்திலும் சேர்ந்து ஏறினால் அந்தப் பிரச்சினை இல்லை. தவிர, ஒரு தளத்தில் விமானம் நொறுங்கிக் கிடந்தாலும் மற்ற மூன்றும் ஓடும். நொறுங்குவது அபூர்வமும் அல்ல. பி-29இன் எஞ்சின் சூடேறித் தீப்பிடிப்பதற்குப் பேர்போனது. அளவுக்கு மேல் எடை ஏற்றி, ஓடுதளத்தின் கடைசி அடிவரை ஓட்டி, எழும்பியதும் கடல்மட்டத்தை நோக்கிச் சற்று இறக்கி வேகம் பிடிப்பார்கள். எழும்பாதவர்கள் கடலுக்குப் போனார்கள்.

தீவில் பிராட்வே இருக்கிறதாமே?

இருக்கிறது. மேலிருந்து பார்த்தால் டினியனின் வடிவம் நியூயார்க்கின் மன்ஹாட்டன் தீவைப்போல இருக்கும். அதைக் கவனித்த யாரோ வரைபடத்தில் அந்த ஊர்ச் சாலைப் பெயர்களை அப்படியே போட்டுவிட்டார்கள். பிராட்வே, எட்டாவது அவென்யூ, நாற்பத்திரண்டாவது தெரு, ரிவர்சைடு டிரைவ். ஊர் ஏக்கம்தான். பிராட்வேயும் எட்டாவது அவென்யூவும் இன்றும் அதே பெயரில் புழங்குகின்றன. அணுகுண்டுத் திட்டத்துக்கும் மன்ஹாட்டன் என்றுதான் பெயர். ஆனால் இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை. அணுகுண்டுக்காரர்கள் வருவதற்கு முன்பே தெருக்களுக்குப் பெயர் வைத்தாகிவிட்டது.

அணுகுண்டு தவிர வேறு ஏதாவது நடந்ததா?

இந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்கவேண்டும் என்பேன். ஆனால் அபூர்வமாகத்தான் யாராவது கேட்கிறார்கள்.

வடக்குத் தளத்தின் முக்கியக் குடித்தனக்காரர் அமெரிக்க வான்படையின் 313ஆவது குண்டுவீச்சு விங் என்ற படைப்பிரிவு. 1945 தொடக்கத்திலிருந்து ஆகஸ்டுவரை அவர்கள் இரவும் பகலும் ஜப்பானிய நகரங்களுக்குப் போய்வந்துகொண்டிருந்தார்கள். மார்ச் 9 இரவு குவாம், சைபான், டினியன் மூன்று தீவுகளிலிருந்தும் முந்நூறுக்கும் மேற்பட்ட பி-29கள் கிளம்பின. வழக்கமாகப் பறக்கும் உயரத்தைவிட மிகத் தாழ்வாகப் பறந்து, டோக்கியோவின் மரவீடுகள் நெருங்கிக் கிடந்த பகுதியில் தீக்குண்டுகளைக் கொட்டின. விடிவதற்குள் இறந்தவர்கள் சுமார் ஒரு லட்சம் பேர். அன்று ஒரே இரவில் இறந்தவர்கள், நாகசாகியில் குண்டு விழுந்த நாளில் இறந்தவர்களைவிட அதிகம். அடுத்து நகோயா, ஒசாகா, கோபே. பெரிய ஊர்கள் தீர்ந்ததும் சிறிய ஊர்கள். அறுபதுக்கும் மேற்பட்ட நகரங்கள் இப்படி எரிந்தன.

இன்னொரு வேலை அவ்வளவாக வெளியே தெரியாது. மார்ச் கடைசியிலிருந்து இந்த விங்கின் விமானங்கள் ஜப்பானின் துறைமுகங்களிலும் நீரிணைகளிலும் கடற்கண்ணிகளைப் பாராசூட்டில் இறக்கின. பன்னிரண்டாயிரத்துக்கும் மேல். அந்த நடவடிக்கைக்கு அவர்களே வைத்த பெயர் 'பட்டினி'. ஒளிவுமறைவே இல்லை. அரிசிக்கும் நிலக்கரிக்கும் கப்பலை நம்பியிருந்த நாட்டின் கப்பல் போக்குவரத்து சில மாதங்களில் முடங்கிப்போனது.

இரண்டு விமானங்கள் இரண்டு நாள் செய்ததை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, நூற்றுக்கணக்கான விமானங்கள் ஆறு மாதம் செய்ததை மறந்துவிடுகிறோம். தளத்தைப் பார்க்க வருகிறவர்களும் அப்படித்தான். அணுகுண்டுக் குழியைப் படமெடுத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள்.

அணுகுண்டுக் குழி என்றால் என்ன? குண்டு விழுந்த பள்ளமா?

இல்லை, குண்டை விமானத்தில் ஏற்றிய பள்ளம். சாதாரணக் குண்டைத் தள்ளுவண்டியில் வைத்து விமானத்தின் வயிற்றுக்குக் கீழே கொண்டுபோய்த் தூக்கி மாட்டலாம். இந்த இரண்டும் அதற்கு அடங்காத பருமன். ஹிரோஷிமாவுக்குப் போன 'லிட்டில் பாய்' மூன்று மீட்டர் நீளம், நாலரை டன்னுக்குச் சற்றுக் குறைவு. நாகசாகிக்குப் போன 'ஃபேட் மேன்' ஒன்றரை மீட்டர் விட்டம் கொண்ட முட்டை, நாலரை டன்னுக்கு மேல். ஆகவே தரையில் குழி வெட்டி, குண்டை அதற்குள் இறக்கி, விமானத்தைப் பின்பக்கமாக இழுத்துவந்து குழிக்கு நேர்மேலே நிறுத்தி, கீழேயிருந்து ஹைட்ராலிக் லிஃப்டால் தூக்கினார்கள். லாரி ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக் நிற்கும் குழியை நினைத்துக்கொள்ளுங்கள். இங்கே குழிக்குள் குண்டு, மேலே விமானம்.

போருக்குப் பிறகு குழிகளை மண்போட்டு மூடி, தென்னை நட்டிருந்தார்கள். 2004இல், தீவைப் பிடித்த அறுபதாம் ஆண்டையொட்டித் திறந்து, மேலே கண்ணாடிக் கூரை போட்டிருக்கிறார்கள். கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தால் தெரிவது வெறும் கொங்கிரீட் தொட்டி.

1945 ஆகஸ்ட் 6 அன்று தளத்தில் என்ன நடந்தது?

அணுகுண்டு போடுவதற்கென்றே உருவாக்கிய 509ஆவது கூட்டுப் படைக்குழு மே மாதத்திலிருந்து வந்து இறங்கியிருந்தது. தனி வேலி, தனிக் காவல், பதினைந்து விசேஷ பி-29கள். மற்ற விமானங்களோடு பெரிய தாக்குதல்களுக்கு அவை போவதில்லை. அவ்வப்போது இரண்டு மூன்றாகக் கிளம்பி, 'பூசணி' என்று பெயர் வைத்த பெரிய சாதாரண வெடிகுண்டுகளைப் போட்டுவிட்டுத் திரும்பும். ஃபேட் மேனின் அதே வடிவம், ஒத்திகைக்காக. அப்படி 49 பூசணிகள் ஜப்பான்மேல் விழுந்தன. தீவிலிருந்த மற்ற விமானிகளுக்கு இவர்கள் கேலிப்பொருள்.

ஆகஸ்ட் 6 அதிகாலை 2.45க்கு, ஏபிள் ஓடுதளத்தில் கர்னல் பால் டிப்பெட்ஸ் ஓட்டிய விமானம் எழும்பியது. விமானத்தின் பெயர் 'எனோலா கே'. அது அவருடைய அம்மாவின் பெயர். கிளம்புவதற்கு முன் விமானத்தைச் சுற்றிப் பெரிய விளக்குகளை எரியவிட்டுப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். ஏதோ சினிமா ஷூட்டிங்போல இருந்ததாம்.

குண்டு ஏற்றப்பட்டிருந்தாலும் அது வெடிக்கத் தயார்நிலையில் இல்லை. முந்தைய இரவு சில பி-29கள் ஏறும்போதே நொறுங்கி எரிந்ததைக் கடற்படை அதிகாரி வில்லியம் பார்சன்ஸ் பார்த்திருந்தார். இந்த விமானமும் அப்படி எரிந்தால் வடக்குத் தளமே மிஞ்சாது. ஆகவே வெடிமருந்தைக் குண்டுக்குள் பொருத்தும் வேலையை, பறக்கத் தொடங்கியபின் நெருக்கடியான அந்தக் குண்டு அறைக்குள் புகுந்து அவரே செய்தார். ஜப்பான் நேரப்படி காலை 8.15க்கு ஹிரோஷிமா. பிற்பகல் 2.58க்கு விமானம் மறுபடி டினியனில் இறங்கியது. டிப்பெட்ஸ் இறங்கியதும் அங்கேயே சட்டையில் பதக்கம் குத்தினார்கள்.

நாகசாகி விமானமும் இங்கேதான் திரும்பியதா?

அன்று இரவுதான், ஒரு சுற்று வழியில். ஆகஸ்ட் 9 அதிகாலை சார்லஸ் ஸ்வீனி ஓட்டிய 'பாக்ஸ்கார்' கிளம்பும்போதே ஒரு பம்ப் வேலை செய்யவில்லை. ஒரு டாங்கில் இருந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட லிட்டர் பெட்ரோலை எடுக்கவும் முடியாது, கொட்டவும் முடியாது. இருந்தும் கிளம்பினார்கள். கூடவரவேண்டிய ஒரு விமானத்துக்காக நடுவானில் நாற்பது நிமிடம்போலக் காத்திருந்தார்கள். குறி கொக்குரா நகரம். மூன்று முறை சுற்றியும் மேகமும் புகையும் விலகவில்லை. நாகசாகிக்குத் திரும்பினார்கள். 11.02க்கு வெடித்தது. டினியன்வரை வரப் பெட்ரோல் இல்லை. வற்றிய டாங்கோடு ஒக்கினாவாவில் இறங்கி, நிரப்பிக்கொண்டுதான் ஊர் திரும்பினார்கள்.

மூன்றாவது குண்டும் டினியனில் இருந்ததா?

முழுக் குண்டு இல்லை. ஃபேட் மேனின் வெளிப்பாகங்கள் இருந்தன. புளூட்டோனியக் கரு அமெரிக்காவில் லாஸ் அலமோஸில் இருந்தது. ஆகஸ்ட் 17, 18க்குப் பிறகு போடத் தயாராக இருக்கும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். ஜப்பான் 15ஆம் தேதி சரணடைந்துவிட்டது. அந்தக் கரு சும்மா இருக்கவில்லை. அதே ஆய்வகத்தில் 1945 ஆகஸ்டில் நடந்த விபத்தில் ஒருவரும் 1946 மே மாதத்தில் நடந்த விபத்தில் இன்னொருவரும் அதன் கதிர்வீச்சுக்குப் பலியானார்கள். கையில் வைத்துப் பரிசோதனை செய்த விஞ்ஞானிகள்.

குண்டைக் கொண்டுவந்த கப்பல் மூழ்கிவிட்டதாமே?

'இண்டியானபோலிஸ்' என்ற போர்க்கப்பல். லிட்டில் பாயின் முக்கியப் பாகங்களை ஜூலை 26 அன்று டினியனில் இறக்கிவிட்டு, குவாம் போய், அங்கிருந்து பிலிப்பைன்ஸ் நோக்கிச் சென்றபோது ஜூலை 30 பின்னிரவில் ஜப்பானிய நீர்மூழ்கி தாக்கியது. பன்னிரண்டு நிமிடத்தில் முழுகிவிட்டது. கப்பல் வந்து சேரவில்லை என்று யாரும் தேடவில்லை. நான்கு நாள் கழித்து, தற்செயலாக அந்தப் பக்கம் பறந்த விமானம் ஒன்று கடலில் தலைகளைக் கண்டது. கிட்டத்தட்ட 1,200 பேரில் பிழைத்தவர்கள் 316 பேர்.

தீவில் இருந்த பொதுமக்கள் என்ன ஆனார்கள்?

சண்டையில் பலர் செத்தார்கள். பிடிபட்டால் சித்திரவதை என்று சொல்லியே வளர்க்கப்பட்டிருந்ததால், தெற்கு முனையின் பாறை விளிம்பிலிருந்து குடும்பத்தோடு குதித்தவர்களும் உண்டு. மிஞ்சிய சுமார் பதினோராயிரம் பேர் முகாமில் வைக்கப்பட்டார்கள். அவர்கள் முகாமுக்குள் காய்கறி பயிரிட்டுக்கொண்டிருக்க, சில மைல் தள்ளி அவர்கள் சொந்த ஊர்களை எரிக்க விமானங்கள் தினமும் கிளம்பிக்கொண்டிருந்தன. 1946இல் அவர்களைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். இன்றைய டினியன் சமோரோ குடும்பங்கள் பல, அதற்குப் பிறகு 1948இல் யாப் தீவிலிருந்து வந்து குடியேறியவர்களின் வாரிசுகள்.

தளம் எப்போது கைவிடப்பட்டது? இப்போது எப்படி இருக்கிறது?

1946, 47இல் படைகள் கிளம்பின. அதன்பிறகு காடு புகுந்தது. எந்தக் காடு தெரியுமா? டாங்கன்டாங்கன் என்று அங்கே சொல்லும் மரம். நம் ஊரில் ஆட்டுக்குத் தழை ஒடித்துப் போடும் சவுண்டல், சூபாபுல் என்றும் சொல்வோமே, அதேதான். குண்டு விழுந்து மொட்டையான மண் மழையில் கரைந்துபோகாமல் இருக்க விதை தூவிவிட்டார்கள். சவுண்டலுக்குச் சொல்லித்தரவா வேண்டும்? தீவையே பிடித்துக்கொண்டது. தார் விரிசலில்கூட அதுதான் முளைத்திருக்கும். 1985இல் வடக்குத் தளமும் அதையொட்டிய கடற்கரைகளும் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டன.

போய்ப் பார்க்க முடியுமா?

முடியும். டினியன் இப்போது வடக்கு மரியானா காமன்வெல்த்தின் பகுதி, அமெரிக்க ஆட்சிப்புலம். இந்தியப் பாஸ்போர்ட் என்றால் அமெரிக்க விசா வேண்டும். சைபானிலிருந்து சின்ன விமானத்தில் பத்து நிமிடம்போல. இறங்கும் விமான நிலையமே பழைய மேற்குத் தளம்தான். வாடகைக் கார் எடுத்து பிராட்வேயில் நேரே வடக்கே போகவேண்டியதுதான். ராணுவப் பயிற்சி நடக்கும் நாட்களில் மட்டும் வழியை அடைத்துவிடுவார்கள்.

மறுபடி திறக்கப்போகிறார்கள் என்பது உண்மையா?

உண்மை. தீவின் வடக்கே மூன்றில் இரண்டு பங்கு நிலம் அமெரிக்க ராணுவத்தின் குத்தகையில் இருக்கிறது. 1983இல் ஐம்பது ஆண்டுக்கு எழுதியது, இன்னொரு ஐம்பது நீட்டிக்கலாம். சீனாவோடு மோதல் வந்தால் குவாம் போன்ற பெரிய தளங்கள் முதலில் ஏவுகணைக்குப் பலியாகும், ஆகவே விமானங்களைப் பல சின்னத் தளங்களில் சிதறவைக்கவேண்டும் என்பது இன்றைய அமெரிக்க வான்படையின் கணக்கு. 2023 கடைசியில் வடக்குத் தளத்தைச் சீரமைக்கப்போவதாக அறிவித்தார்கள். அதன்பிறகு புல்டோசர்கள் வந்து சவுண்டலைப் பிடுங்கத் தொடங்கின. எழுபது ஆண்டுக்கு மேல் வேர்விட்ட மரங்களுக்கு அடியில் ஓடுதளம் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. சீபீக்கள் வேலையில் குறை சொல்லமுடியாது. நான்கு ஓடுதளங்களின் கோடும் செயற்கைக்கோள் படத்தில் இப்போது பளிச்சென்று தெரிகிறது.